பிரிவு எண் மட்டும் குற்றச்சாட்டு ஆகாது

பட்டாசு ஆலையில் விபத்து நடந்தால், மறுநாள் செய்தியின் கடைசி வரி அநேகமாக ஒன்றுதான்: உரிமையாளர், போர்மேன் மீது இன்ன பிரிவுகளில் வழக்குப்பதிவு. 'குற்றம் சாட்டியாகிவிட்டது' என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம்.

போலீஸ் முதலில் எழுதுவது முதல் தகவல் அறிக்கை. விசாரணையைத் தொடங்கிவைக்கும் காகிதம், அவ்வளவுதான். விசாரித்து முடித்து கோர்ட்டில் கொடுப்பது குற்றப்பத்திரிகை. அதைப் படித்துப் பார்த்து, வழக்கு நடத்த முகாந்திரம் உண்டென்றால் நீதிபதி எழுதுவதுதான் குற்றச்சாட்டு. அதை வாசித்துக் காட்டி, விளக்கிச் சொல்லி, "ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார்கள்.

அதில் எவ்வளவு விவரம் வேண்டும்? 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 234, 235, 236 பிரிவுகள் சொல்கின்றன: என்ன குற்றம், எந்தச் சட்டப்பிரிவு, எப்போது, எங்கே, யாருக்கு எதிராக. இவ்வளவும் போதாதபோது, எந்த விதத்தில் என்பதும். சட்டமே உதாரணம் தருகிறது. இன்ன பொருளை இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் திருடினார் என்றால் போதும். எப்படித் திருடினார் என்று எழுத வேண்டியதில்லை. ஏமாற்றினார் என்றால், எப்படி ஏமாற்றினார் என்றும் எழுதியாக வேண்டும்.

பட்டாசு ஆலை வழக்கு இந்த இரண்டாவது வகைக்குத்தான் நெருக்கம். 'கவனக்குறைவால் மரணம்' என்று மட்டும் எழுதினால் என்ன பதில் சொல்வது? அறையில் கூடுதலாக ஆள் வைத்தாரா? மருந்தை அளவுக்கு மேல் குவித்தாரா? ஆலையை உள்குத்தகைக்கு விட்டாரா? முதலாவதற்கு வருகைப் பதிவேட்டைக் காட்டலாம். மூன்றாவதற்கு அது உதவாது. 20 பேருக்கு மேல் பலியான 2021 அச்சங்குளம் விபத்தில் உள்குத்தகை பெரிய கேள்வியாக எழுந்தது. உரிமம் ஒருவர் பெயரில், வேலை வாங்கியது வேறொருவர் என்றால், யார் எதைச் செய்யத் தவறினார் என்று தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும்.

கடித முகவரி மாதிரிதான் இது. தெருவும் கதவு எண்ணும் இல்லாமல் 'சிவகாசி' என்று மட்டும் எழுதினால் கடிதம் போய்ச் சேராது. ஆனால் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிட மாட்டார்.

பிழை இருந்தாலே வழக்கு விழுந்துவிடாது என்பதும் அதனால்தான். அந்தப் பிழை குற்றம்சாட்டப்பட்டவரைத் திசைதிருப்பி, நீதி தவறச் செய்ததா என்றுதான் 238-ஆம் பிரிவு பார்க்கும். 1955-இல் வில்லி ஸ்லேனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அண்ணன் தம்பி இருவர் மீதும் கூட்டாகக் கொலைக் குற்றச்சாட்டு, ஒருவர் விடுதலையானார். மற்றவர் மீது தனியாகக் குற்றச்சாட்டு எழுதப்படவில்லை. ஆனால் ஹாக்கி மட்டையால் அடித்தது தான்தான் என்பதே வழக்கு என்று அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருந்தது. ஆகவே அந்தக் குறை அவரைப் பாதிக்கவில்லை என்றது கோர்ட்.

தீர்ப்புக்கு முன் குற்றச்சாட்டைத் திருத்தவும் நீதிபதியால் முடியும். திருத்தியதை மறுபடி வாசித்து விளக்க வேண்டும். ஆகவே குற்றச்சாட்டில் தெளிவில்லை என்றால் வாசிக்கும் அன்றே வக்கீல் மூலம் கேட்டுவிடுவது நல்லது. அப்பீலில் போய்ச் சொன்னால், 'அப்போதே ஏன் கேட்கவில்லை?' என்பதும் கணக்கில் வரும்.