‘நாங்களே விசாரித்துக்கொள்கிறோம்’ என்பது குற்றம்

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளிக்கு, தேசிய மாணவர் படை முகாம் நடத்துவதாகச் சொல்லிச் சிலர் வந்தார்கள். அந்தப் பள்ளியில் மாணவர் படைப் பிரிவே கிடையாது. முகாம் நடத்தினால் பிரிவு கிடைக்கும் என்றார்கள், நிர்வாகமும் நம்பியது. மாணவிகள் 17 பேர் பள்ளியிலேயே இரவு தங்கினார்கள். அங்கே ஒரு சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளானாள். பள்ளியில் சொன்னபோது, வெளியே தெரிய வேண்டாம் என்று அடக்கிவிட்டதாகப் புகார். வழக்கு பதிவானபோது முகாம் நடத்தியவர்களோடு பள்ளியின் பொறுப்பில் இருந்தவர்களும் கைதானார்கள். அந்த முகாமுக்கும் தங்களுக்கும் தொடர்பே இல்லை என்று தேசிய மாணவர் படை அறிவித்தது. முகாமுக்கு முன்பே யாராவது ஒருவர் அவர்களிடம் போனில் கேட்டிருந்தால் இதே பதில்தான் கிடைத்திருக்கும்.

பர்கூரிலிருந்து அதே நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் வந்தால் நாட்டறம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர். தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் ஷூ கம்பெனிகளும் நிறைந்த வட்டாரம். ஷூ கம்பெனிகளில் தையலுக்கும் ஒட்டும் வேலைக்கும் பெரும்பாலும் பெண்கள்தான் போகிறார்கள். காலையில் கம்பெனி வண்டியில் ஏறும் அம்மா வீடு திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். பள்ளி விட்டதற்கும் அம்மா வருவதற்கும் இடையில் பிள்ளை எங்கே இருக்கும்? தொண்டு நிறுவனத்தின் மாலை வகுப்பில், தேவாலயத்தின் வாலிபர் கூட்டத்தில், மதரஸாவில், கராத்தே வகுப்பில், கால்பந்துத் திடலில். இவை இல்லாவிட்டால் பல பிள்ளைகள் தெருவில்தான் நிற்க வேண்டும். அதனால்தான் அங்கே சொல்லிக்கொடுக்கும் அண்ணனையோ அக்காவையோ ‘நீங்கள் யார், எங்கிருந்து வந்தீர்கள்’ என்று பெற்றோர் கேட்பதில்லை. இலவசமாகச் சேவை செய்பவரிடம் அப்படிக் கேட்பது நன்றி கெட்ட செயல் என்ற கூச்சம்.

அந்தக் கேள்வியைப் பெற்றோர் கேட்கத் தயங்கினாலும் நிறுவனம் கேட்டே ஆக வேண்டும் என்கிறது சட்டம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் 2020-ல் புதிய விதிகள் வந்தன. குழந்தைகளைத் தங்கவைக்கும் நிறுவனம் மட்டுமல்ல, அவர்களோடு தொடர்ந்து பழகும் எந்த அமைப்பானாலும் — பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம் எதுவாயினும் — தன் பணியாளர் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு நடத்த வேண்டும். அதுவும் சேரும்போது ஒருமுறை நடத்திவிட்டு மறந்துவிடுவதல்ல, குறிப்பிட்ட கால இடைவெளிகளில். குழந்தைகளின் பாதுகாப்பு பற்றிய பயிற்சியும் அவர்களுக்குத் தர வேண்டும்.

ஆனால் காவல்துறைச் சான்றை ஏதோ தாயத்து போல நினைத்துவிடக் கூடாது. இதுவரை யாரும் புகார் கொடுக்காத ஆளின் சான்று வெள்ளையாகத்தான் வரும். அன்றாட ஒழுங்குகள்தான் அதைவிட வலுவானவை: எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருப்பதில்லை, வெளியூர் முகாமுக்குப் பெண் பிள்ளைகள் போனால் பெண் பொறுப்பாளர் உடன் தங்குவார், தன்னார்வலர் பிள்ளைகளுக்குத் தனியாக வாட்ஸ்அப் செய்தி அனுப்புவதில்லை. செலவு வைக்காத விதிகள் இவை. எழுதிச் சுவரில் ஒட்டினால் போதாது, நிறுவனத் தலைவருக்கும் பொருந்த வேண்டும். சொல்லப்போனால் அவருக்குத்தான் முதலில்.

ஏன் என்பதற்கு மும்பையில் உதாரணம் இருக்கிறது. கொலாபாவில் தெருச் சிறுவர்களுக்காக ‘ஆங்கரேஜ்’ என்ற இல்லத்தை நடத்தியவர் பிரிட்டிஷ் கடற்படையின் முன்னாள் வீரர். 2001-ல் அவர்மீதும் அவரைப் போலவே கடற்படையிலிருந்து வந்த இன்னொருவர்மீதும் சிறுவர்கள் சொன்ன புகார்கள் வெளிவந்தன. 2006-ல் அமர்வு நீதிமன்றம் தண்டித்தது, 2008-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. பத்து ஆண்டுகள். புகார் சொன்ன சிறுவர்கள் அதற்குள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள்.

தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கியே ஒரு வழக்கு இருக்கிறது. மாமல்லபுரத்தில் ஓர் அனாதை இல்லத்தில் நடந்த பாலியல் கொடுமை பற்றி 2007-ல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அது உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்குப் போய், பொதுநல வழக்காகி, கடைசியில் நாட்டிலுள்ள இல்லங்கள் அனைத்தையும் பற்றியதாக விரிந்தது. நீதிபதிகள் மதன் லோக்கூரும் தீபக் குப்தாவும் 2017 மே 5-ல் தீர்ப்பளித்தார்கள்: அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லா இல்லங்களும் பதிவாக வேண்டும், ஆய்வுக் குழுக்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். 2015-ன் இளைஞர் நீதிச் சட்டப்படி, பதிவில்லாமல் இல்லம் நடத்துபவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

நிறுவனங்கள் பெரும்பாலும் சறுக்குவது புகார் வந்த பிறகுதான். ‘நம்ம ஆள்தான், கூப்பிட்டுக் கண்டிச்சுட்டோம்’, ‘முதலில் நாங்களே விசாரித்துக்கொள்கிறோம்’, ‘நன்கொடையாளர்களுக்குத் தெரிந்தால் நிறுவனமே மூடிப்போகும்’. எல்லாம் நல்லெண்ணம் போலவே ஒலிக்கும். போக்சோவின் 19-வது பிரிவு இதற்கு இடமே தரவில்லை. குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தாலும், காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். நிரூபிப்பது சொல்பவரின் வேலையல்ல. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளரே மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்குப் போட முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்வதன் விலை என்ன என்பதை அமெரிக்கச் சாரணர் இயக்கம் காட்டிவிட்டது. சந்தேகத்துக்குரிய தன்னார்வலர்களின் பெயர்களை அது பல பத்தாண்டுகளாகக் கோப்புகளில் குறித்துவந்தது. பெரும்பாலும் போலீசிடம் போகவில்லை. 2012-ல் நீதிமன்ற உத்தரவால் கோப்புகள் வெளியாயின. 2020-ல் இயக்கம் திவால் மனு கொடுத்தபோது இழப்பீடு கோரி வந்தவர்கள் 82,000-க்கும் மேல். பெயரைக் காப்பாற்றத்தான் அத்தனை கமுக்கமும்!

போலீஸ் என்றதும் பெற்றோர் பின்வாங்குவது வேறு காரணத்தால். பிள்ளையை ஸ்டேஷனில் உட்கார வைப்பார்களோ, ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமோ என்ற பயம். அப்படிச் செய்யக் கூடாது என்பதே சட்டம். பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடியவரை பெண் உதவி ஆய்வாளர், அதுவும் சீருடை இல்லாமல். இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். பெயர், படம், முகவரி, பள்ளி எதுவும் வெளியே வரக் கூடாது. நன்கொடைக்காகப் பிள்ளைகளின் படங்களை ஃபேஸ்புக்கில் போட்டுப் பழகிய அமைப்புகள் இதைக் கவனிப்பது நல்லது.

எந்த மாவட்டத்துக் குழுவிடம் போவது என்ற குழப்பமும் இங்கே உண்டு. 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றானது: ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கு, மேல்விஷாரமும் வாலாஜாவும் ராணிப்பேட்டைக்கு, பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே. இதெல்லாம் நினைவில் இல்லாதவர்களுக்கு குழந்தைகள் உதவி எண் 1098 போதும். 1996-ல் மும்பையில் தொண்டு முயற்சியாகத் தொடங்கிய இந்த இலவச எண்ணை 2023 முதல் அரசே நடத்துகிறது. நள்ளிரவிலும் எடுப்பார்கள், பிள்ளையே கூப்பிட்டாலும் பேசுவார்கள்.