கடோத்கஜனுக்கு அடியில் ஒரு யானை

கீழ்பென்னாத்தூரில் செஞ்சி பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெரியவர் செல்போனை நீட்டினார். "தம்பி, இதப் பாரு. கடோத்கஜன்."

பார்த்தேன். ஒரு பெரிய குழி. அதில் மல்லாந்து கிடக்கும் மனித எலும்புக்கூடு. மண்டையோட்டுக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு ஓர் ஆள். எலும்புக்கூட்டின் முன் அவர் ஒரு விரல் அளவுக்குத் தெரிகிறார். வடஇந்தியப் பாலைவனத்தில் கிடைத்தது, ராணுவம் அந்த இடத்தையே சுற்றி வளைத்துவிட்டது, யாரையும் உள்ளே விடுவதில்லை என்று கீழே எழுதியிருந்தது. பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் படத்தை எனக்கு முன்பே தெரியும். அது பிறந்தது 2002இல், படங்களைக் கணினியில் ஒட்டுவேலை செய்து போட்டி நடத்தும் ஓர் இணையதளத்தில். 'அயர்ன்கைட்' என்ற புனைபெயரில் இயங்கிய கனடாக்காரர் ஒருவர் செய்தது. தொல்லியலில் நம்பமுடியாத ஒன்றைக் காட்டு என்பதுதான் போட்டி. அவர் காட்டினார், பரிசும் வாங்கினார். யாரையும் ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஏமாறுவதற்குத்தான் ஊர் உலகமே தயாராக இருந்தது. அரபு நாடுகளில் அந்தக் கூடு, பழங்கதைகளில் ராட்சதர்களாக வரும் ஆது கூட்டத்தாரின் எலும்பானது. அதே செய்தி இந்தியாவுக்கு வந்ததும் கடோத்கஜன் ஆகிவிட்டான். அரேபியப் பெரும் பாலைவனத்தின் பெயரை வெட்டி எடுக்கக்கூட யாருக்கும் நேரமில்லை. அது அப்படியே 'வடஇந்தியாவில்' வந்து உட்கார்ந்துகொண்டது. 2007இல் மும்பைப் பத்திரிகை ஒன்று இதை உண்மைச் செய்தியாகவே அச்சிட்டு, பிறகு தவறை ஒப்புக்கொண்டது. தங்கள் பெயரும் செய்தியில் அடிபட்டதால் நேஷனல் ஜியாகிரபிக் நிறுவனமும் அதே ஆண்டு மறுப்பு வெளியிட்டது.

படம் பொய்தான். ஆனால் குழி பொய்யில்லை. 1999இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹைட் பார்க் என்ற ஊரில், ஒரு வீட்டின் பின்புறக் குளத்தை ஆழப்படுத்தியபோது மாஸ்டோடான் எலும்புகள் கிடைத்தன. யானைக்கு ஒன்றுவிட்ட சொந்தக்கார விலங்கு, பனியுகம் முடிந்ததோடு அழிந்துபோனது. கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2000இல் அதைத் தோண்டி எடுத்தபோது மேலிருந்து எடுத்த படத்தில்தான் நம் ஆள் கைவைத்தார். மாஸ்டோடானை எடுத்துவிட்டு மனிதனைப் படுக்கவைத்தார்.

யானையை எடுத்துவிட்டு மனிதனை வைப்பது. இதைக் கணினி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே மனிதர்கள் செய்துவந்திருக்கிறார்கள், கணினி இல்லாமலேயே, வெறுங்கண்ணால்.

14ஆம் நூற்றாண்டில் டில்லி சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக், சிவாலிக் மலையடிவாரப் பக்கம் கால்வாய் வெட்டினார். மேட்டை உடைத்தபோது யானை எலும்புகளும் மனித எலும்புகளும் கிடைத்தன என்று பின்னாளில் பிரிஷ்டா என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்தார். மனிதனின் முன்கை எலும்பு மட்டும் அந்தக் காலக் கணக்கில் மூன்று கஜமாம், அதாவது ஐந்தடிக்கு மேல். சில எலும்புகள் பாதி கல்லாகிக் கிடந்தன என்றும் சொல்கிறார். அந்தக் கடைசிக் குறிப்பைப் படித்தபோது எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. கதை கட்டுபவருக்குப் பாதி கல்லானது தேவைப்படாது. தோண்டிய யாரோ கையில் எடுத்துப் பார்த்துச் சொன்னது அது.

சுமார் ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 1830களில், ஹியூ ஃபால்கனரும் ப்ரோபி காட்லியும் அதே சிவாலிக் மலைகளைக் கிளறினார்கள். காட்லியும் கால்வாய் வெட்டும் பொறியாளர்தான். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு காட்டையே நிரப்பக்கூடிய விலங்குக் கூட்டம்: பழங்கால யானைகள், நீர்யானைகள், ஒட்டகச்சிவிங்கிக்கு உறவான ஒரு மாமிருகம், கார் அளவு ஆமை. அந்த மாமிருகத்துக்குச் சிவனின் பெயரைச் சேர்த்து சிவதீரியம் என்று பெயர் வைத்தார்கள். ஒரு பழைய யானை இனத்துக்கு ஸ்டெகோடான் கணேசா. அதன் தந்தம் பத்தடி. பிரிஷ்டாவின் மனிதர்கள் யாரென்று இப்போது ஊகிக்கலாம்.

ஆனால் யானையைத் தினம் பார்க்கிற நாட்டில் யானை எலும்பை மனித எலும்பு என்று எப்படி நினைப்பார்கள்? யானையைப் பார்த்திருப்போம், யானையின் உள்ளே பார்த்தவர்கள் எத்தனை பேர்? மாடும் குதிரையும் பின்னங்காலை மடக்கியபடிதான் நிற்கும், அவற்றின் தொடை எலும்பு குட்டையாக, உடலோடு ஒட்டி இருக்கும். யானை அப்படியல்ல, மண்டபத் தூண்மாதிரி காலை நேராக ஊன்றி நிற்கிறது. நாமும் அப்படித்தான் நிற்கிறோம். அதனால் யானையின் தொடை எலும்பு நீளமாக, நேராக, மேல்முனையில் உருண்டைத் தலையோடு, நம்முடையதைப் பெரிதாக்கி வைத்ததுபோலவே இருக்கும். தலையைப் பார்த்தாவது தெரிந்துகொள்ள வேண்டாமா என்றால், தலைதான் கிடைக்காது. யானையின் மண்டையோடு தேன்கூடுமாதிரி காற்றறைகளால் ஆனது. அவ்வளவு பெரிய தலையைக் கழுத்து சுமக்க வேண்டுமே. மண்ணுக்குள் அதுதான் முதலில் நொறுங்கும். கெட்டியான கால் எலும்புகள் மிஞ்சும். தலையில்லாத எலும்புக்கூட்டுக்கு மனிதன் தன் தலையை ஒட்டவைத்துக்கொள்கிறான். பிரான்ஸில் 1613இல் தோண்டி எடுத்து, ராட்சத அரசன் என்று காசு வாங்கிக் காட்டப்பட்ட எலும்புகளும், டைனோதீரியம் என்ற இன்னொரு யானைச் சொந்தத்தின் எலும்புகள்தான்.

நம் பக்கத்துக் கதை இதைவிட ருசியானது. செஞ்சிப் பக்கத்து மலைகளில் புறப்படும் சங்கராபரணி ஆறு கிழக்கே ஓடித் திருவக்கரை வழியாகக் கடலுக்குப் போகிறது. திருவக்கரையைப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வக்கிரகாளியம்மனைக் கும்பிடப் போகிறவர்களுக்குத் தெரியும். வக்கிராசுரனைத் திருமால் சக்கரத்தால் வீழ்த்தினார், அவன் தங்கையைக் காளி வதம் செய்தாள் என்பது தலக்கதை. கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, செம்மண் மேட்டில், அசுரனின் எலும்புகள் இன்னமும் கிடக்கின்றன.

நான் போனது ஒரு வெயில் நாளில். மேட்டில் ஏறியதும் முதலில் தோன்றியது, ஊர்க்காரர்கள் சொன்னதில் என்ன தப்பு என்பதுதான். துண்டு துண்டாக, உருண்டையாக, வெளுத்தும் பழுத்தும் கிடந்தன. ஒன்று அசல் முழங்கால் மூட்டு. கிளை ஒடிந்த கணு அது. இன்னொன்றின் நடுவே ஓட்டை, மஜ்ஜை வற்றிய எலும்புபோல. குனிந்து தொட்டால் மரத்தின் நார் ஓட்டம் விரலில் தட்டுகிறது, ஆனால் வெயிலில் கல்லாய்ச் சுடுகிறது. குறுக்காக உடைந்த முகத்தில் வளையங்கள் தெரிந்தன.

மரம்தான். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் வேரோடு பிடுங்கி, உருட்டிக்கொண்டு வந்து, மணலில் புதைத்த மரங்கள். வேரும் கிளையும் பட்டையும் இல்லாமல் வெறும் அடிமரமாகவே கிடப்பது அதனால்தான். காற்றுப் படாமல் புதைந்ததால் அழுகவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, அதாவது மணலின் அதே சரக்கு, மரத்தின் செல்களுக்குள் ஊறி, நிரம்பி, இறுகியது. மரம் போய்விட்டது, அதன் வடிவம் கல்லில் தங்கிவிட்டது. இவற்றில் நம் புளிய மரத்தின் குடும்பத்து மரங்களும் உண்டு. 1781இல் பியர் சோனரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் இவற்றைப் பற்றி முதன்முதலில் எழுதினார். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியக் கல்மரப் பூங்கா அமைத்தது. இங்கே 30 மீட்டர் வரை நீளமுள்ள கல்மரம் இருக்கிறது.

அந்த 30 மீட்டரை வைத்து ஒரு கணக்குப் போடலாம். மனிதனின் தொடை எலும்பு அவன் உயரத்தில் கால் பங்குக்குச் சற்று அதிகம். 30 மீட்டர் அசுரனின் தொடை எலும்பு என்றால் அவன் உயரம் ஏறக்குறைய 112 மீட்டர். திருவண்ணாமலை ராஜகோபுரம் 217 அடி, அதாவது 66 மீட்டர். கோபுரத்தை ஒட்டி நின்றால் கலசம் அசுரனின் தொப்புளை உரசும்.

ஆனால் அவனால் நிற்க முடியாது. 1638இல் கலிலியோ இதைப் புரியவைத்தார். சராசரி ஆள் ஒருவனை 112 மீட்டராக்க அவன் உயரத்தை 66 மடங்காக்கினால் எலும்பின் குறுக்குப் பரப்பு 66 தடவை 66, சுமார் 4,400 மடங்காகும். எடையோ நீளம், அகலம், கனம் மூன்றிலும் பெருகும். சுமார் 2,87,000 மடங்கு. 60 கிலோ ஆள் 17,000 டன்னாகிவிடுவான். அவன் எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் நம்முடையதைப்போல் 66 மடங்கு பாரம் சுமக்க வேண்டும். நம் தொடை எலும்பு உடல் எடையைப்போல் சுமார் பத்து மடங்கு பாரத்தில் முறிந்துவிடும் என்று எழுதினார் ஜே.பி.எஸ். ஹால்டேன். பின்னாளில் இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமான அதே உயிரியலாளர். அறுபதடி ராட்சதன்கூட முதல் அடி வைத்ததும் தொடை உடைந்து விழுவான் என்பது அவர் கணக்கு. திருமாலுக்குச் சக்கரமே தேவைப்பட்டிருக்காது.

நிஜமாகவே வளர்ந்த மனிதர் ஒருவரைப் பார்த்தால் இந்தக் கணக்கின் வலி தெரியும். அமெரிக்காவின் ராபர்ட் வாட்லோ, 2.72 மீட்டர், எட்டடி பதினோரு அங்குலம். அளந்து பதிவான மனிதர்களில் அவரே உயரமானவர். மூளையின் அடியில் இருக்கும் பட்டாணி அளவுச் சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை நிறுத்தாமல் சுரந்ததால் வந்த வளர்ச்சி. நடக்கக் காலில் இரும்புப் பட்டை தேவைப்பட்டது. பாதத்தில் உணர்ச்சி சரியாக இல்லை. அந்தப் பட்டை உரசி வந்த கொப்புளம் சீழ்ப்பிடித்து, 1940இல், 22 வயதில் இறந்துபோனார். ராட்சதர்களைக் கொல்ல ஒரு கொப்புளம் போதுமாயிருந்தது.

பெரியவரிடம் இத்தனையும் சொல்லவில்லை. படத்தில் இருந்தது யானை என்ற அளவில்தான் சொன்னேன். அவர் விடுவதாக இல்லை. "அப்ப நம்ம பக்கத்துல குள்ளருங்க ஊடு இருக்குதே, அது?"

நியாயமான கேள்வி. ராட்சதர்கள் கிடக்கும் அதே மண்ணில் நம் மக்கள் குள்ளர்களையும் குடிவைத்திருக்கிறார்கள். பலகைக் கற்களை நிறுத்தி, மேலே பெரிய மூடுகல் வைத்த கற்திட்டைகள் சில ஊர்களில் பாண்டவர் வீடு, சில ஊர்களில் குள்ளர் வீடு. மூடுகல்லைப் பார்த்தவர் இதைத் தூக்கியவன் பீமன் என்றார். பலகையில் இருக்கும் வட்டமான இடுதுளையைப் பார்த்தவர் இதற்குள் நுழைந்தவன் முழ உயரந்தான் என்றார். இருவருமே அளந்துதான் பேசினார்கள். அது வீடு இல்லை, ஈமச்சின்னம் என்பது மட்டும் விட்டுப்போயிற்று.

வந்தவாசி வட்டத்துக் கீழ்நமண்டியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2023இல் தோண்டியபோது கல்வட்டங்களுக்குள் சுடுமண் ஈமப்பேழைகள் கிடைத்தன, கால்வைத்த தொட்டிகள்போல. ஒன்றிலிருந்த கரித்துண்டைச் சோதித்ததில் காலம் கி.மு. 1692 என்று வந்தது. பேழை சிறிதாக இருந்தால் ஆளும் சிறியவர் என்று அர்த்தமில்லை. உடலை முதலில் வேறிடத்தில் விட்டு, சதை போனபின் எலும்புகளைப் பொறுக்கி வைக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது. ஆறடி ஆளின் எலும்புகளை மடித்து அடுக்கினால் ஒரு கூடைக்குள் அடங்கும். முதுமக்கள் தாழிக்குள் இருப்பவர்கள் வயதாகி வயதாகிச் சுருங்கிப் போனவர்கள், சாவு வராததால் பானையில் வைத்து விளக்கேற்றி விட்டுவிட்டார்கள் என்று என் பாட்டி சொல்வாள். உங்கள் பாட்டியும் சொல்லியிருப்பாள். தாழியின் வாய் குறுகல், உள்ளே மனித எலும்பு; இரண்டையும் பொருத்த அவளுக்குக் கிடைத்த ஒரே வழி அது.

கண்டதற்குக் கதை பொருத்துவது நம் பாட்டிகளோடு நிற்கவில்லை. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில், பாட்லியா கிராமத்தில், வயலில் கிடைத்த உருண்டைக் கற்களைக் காகட் பைரவர் என்று கும்பிட்டார்கள். பயிரையும் மாட்டையும் காக்கும் சாமி. அவை டைட்டனோசர் என்ற டைனோசரின் முட்டைகள் என்பது 2023இல் செய்தியானது.

செஞ்சி பஸ் வந்து நின்றது. பெரியவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, மண்வெட்டி ஆளை விட்டுவிட்டு, குழியின் ஓரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த யானைய இப்ப எங்க வச்சிருக்காங்க?"

"அமெரிக்காவுல, இதாகான்னு ஒரு ஊரு. அங்க மியூசியத்துல முழுசா நிக்க வச்சிருக்காங்க."

"தலையோடயா?"

"தலையோடதான். தந்தமும் இருக்குது."

"அத்தோட போட்டோ இருந்தா அனுப்பு தம்பி," என்றார். நம்பரைச் சொன்னார். பஸ் படியில் நின்றபடி குறித்துக்கொண்டேன்.