"5,000 வாட்" ஆம்ப்ளிபயரா? வீட்டு பிளக்கே தாங்காது!

பெட்டியில் போட்டிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். நல்ல செட் வாங்க சுலப வழி

— நமது நிருபர் —

சென்னை:

போனஸ் கைக்கு வந்ததும், வீட்டில் நல்லதாக ஒரு பாட்டு செட் வைக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பலர். கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது அட்டைப் பெட்டிதான். அதில் கொட்டை எழுத்தில் "5,000 வாட்" என்று போட்டிருக்கும். பக்கத்துப் பெட்டியில் "10,000 வாட்". விலையில் மட்டும் பெரிய வித்தியாசம் இருக்காது.

"எதுங்க நல்லது?" என்று கேட்டால், "பெரிசையே எடுத்துக்குங்க சார், தெருவே அதிரும்!" என்று பதில் வரும்.

கொஞ்சம் பொறுங்கள். பர்ஸைத் திறக்குமுன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். பெருக்கல் தெரிந்தால் போதும்.

பிளக் சொல்லும் சாட்சி

நம் வீட்டுக்கு வரும் கரண்ட் 230 வோல்ட். டி.வி., ரேடியோ மாட்டும் சின்ன பிளக் 6 ஆம்பியர் தாங்கும். இரண்டையும் பெருக்கினால் 1,380 வாட். அந்த பிளக்கில் அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

கீசர், ஏ.சி. மாட்டும் பெரிய பிளக் 16 ஆம்பியர். அதிலும் 3,680 வாட்தான்.

அப்படியானால் 5,000 வாட் எங்கிருந்து வரும்? உண்மையிலேயே அவ்வளவு வாட்டில் ஒரு மணி நேரம் பாடினால் 5 யூனிட் கரண்ட் ஓடிவிடும். பாட்டு கேட்பதற்குள் வீட்டு பிளக் கருகிப் போகும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பெட்டியில் போட்ட வாட்டும் அந்த ஜாதிதான்.

"பி.எம்.பி.ஓ." மாயம்

பெட்டியை நன்றாகத் திருப்பிப் பாருங்கள். 5,000 வாட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "பி.எம்.பி.ஓ." என்று இருக்கும். கண் இமைக்கும் நேரத்துக்குள் ஒரு துளி நேரம் எவ்வளவு சக்தி வெளியே வரலாம் என்று கம்பெனிக்காரர் தாமாகப் போட்டுக் கொள்ளும் கணக்கு அது. அதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று யாரும் ஒப்புக் கொண்ட விதி கிடையாது. ஆளுக்கு ஒரு படி, ஆளுக்கு ஒரு அளவு!

நீங்கள் கேட்க வேண்டியது "ஆர்.எம்.எஸ்." வாட். நிறுத்தாமல் தொடர்ந்து கொடுக்கக் கூடிய சக்தி அது. அதையும் மொட்டையாகக் கேட்காதீர்கள். "எட்டு ஓம் ஸ்பீக்கரில், ஒரு பக்கத்துக்கு எத்தனை வாட்?" என்று கேளுங்கள்.

இந்த வாட் புளுகு நம் ஊர் சரக்கு மட்டுமல்ல. அமெரிக்காவிலும் கம்பெனிகள் இஷ்டத்துக்கு வாட் போட்டு விற்றன. தாங்க முடியாமல் அந்நாட்டு அரசின் வர்த்தக கமிஷன் 1974ல் ஆம்ப்ளிபயருக்கென்றே தனி விதி போட்டது. மறுபடியும் ஆட்டம் ஆரம்பித்ததால் 2024ல் விதியை இறுக்கியது. இப்போது அங்கே வீட்டு ஆம்ப்ளிபயருக்கு வாட் போட்டு விளம்பரம் செய்தால், 8 ஓமில் அளந்த வாட்டையும் சொல்லியாக வேண்டும். ஓசை சிதைவும் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

அடாப்டர் காட்டிக் கொடுக்கும்

இப்போது கைக்கு அடக்கமான குட்டி ஆம்ப்ளிபயர்கள் நிறைய வருகின்றன. "கிளாஸ் டி" என்பார்கள். சூடு குறைவு, கரண்ட் செலவும் குறைவு. சரக்கு மோசமில்லை. ஆனால் கூட வரும் அடாப்டரைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

அடாப்டரில் "12 வோல்ட், 5 ஆம்பியர்" என்று இருந்தால் மொத்தமே 60 வாட். உள்ளே போவது 60 என்றால் வெளியே 200 எப்படி வரும்? அண்டாவில் இருப்பதுதானே கரண்டியில் வரும்!

இந்தக் குட்டிப் பெட்டிகளில் பலவற்றில் "டி.பி.ஏ. 3116" என்ற சில்லுதான் இருக்கிறது. அதைத் தயாரித்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியே சொல்லும் கணக்கு என்ன? 21 வோல்ட் கொடுத்து, 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் பக்கத்துக்கு 50 வாட். அதே சில்லுக்கு 12 வோல்ட் அடாப்டரும் 8 ஓம் ஸ்பீக்கரும் கொடுத்தால் பக்கத்துக்கு சுமார் 9 வாட்டோடு தலை தட்டிவிடும்.

அடாப்டரில் ஐ.எஸ். முத்திரையும் "ஆர்" எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் நிஜமா, போலியா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் "பி.ஐ.எஸ். கேர்" ஆப்பில் கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

பெரிய கம்பெனி செட்டுகளில் இந்த அடாப்டர் கணக்கு செல்லாது. அவற்றின் பின்பக்கம் போட்டிருப்பது பெரும்பாலும் சாதாரணமாகப் பாடும்போது ஆகும் கரண்ட் செலவு. அங்கே ஸ்பெசிபிகேஷன் தாளைக் கேட்டு வாங்கி ஆர்.எம்.எஸ். அளவைப் படியுங்கள்.

20 வாட் போதுமா?

தாராளமாகப் போதும். 1978ல் "நாட் 3020" என்ற ஆம்ப்ளிபயர் வந்தது. விலை குறைவு. பக்கத்துக்கு 20 வாட்தான். ஆனால் அதைவிட விலை கூடிய செட்டுகளோடு போட்டி போட்டுப் பாடியது. "குறைந்த விலை, நிறைந்த ஓசை" என்றால் உலகம் பூராவும் இசைப்பிரியர்கள் இன்றும் அதன் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

காரணம், நம் காது வாட்டை எண்ணுவதில்லை. 20 வாட்டை 40 ஆக்கினால் ஓசை இரட்டிப்பாகாது. 3 டெசிபல் கூடும். "லேசாக ஏற்றின மாதிரி இருக்கே" என்று தோன்றும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும்.

ஆகவே 30 வாட் செட்டுக்கும் 40 வாட் செட்டுக்கும் விலை வித்தியாசம் அதிகம் என்றால், 30ஐ எடுத்துக் கொண்டு மீதியை மிச்சம் பிடியுங்கள்.

மிச்சப் பணம் ஸ்பீக்கருக்கு

யானை வாங்கியவன் அங்குசம் வாங்கக் காசில்லாமல் நின்ற கதை பல வீடுகளில் நடக்கிறது. ஆம்ப்ளிபயருக்கே பணத்தைக் கொட்டிவிட்டு, ஸ்பீக்கருக்கு ஏதோ ஒரு டப்பாவை மாட்டுகிறார்கள்.

பாட்டு கடைசியில் காதுக்கு வருவது ஸ்பீக்கர் வழியாகத்தான். கையில் உள்ள பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள்.

ஸ்பீக்கரில் "சென்சிடிவிட்டி" என்று ஒரு எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு ஓசை என்பதுதான் அது. 85 டெசிபல் ஸ்பீக்கர் 40 வாட்டில் தரும் ஓசையை 91 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே தந்துவிடும். ஆம்ப்ளிபயருக்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் வாட்டை ஸ்பீக்கரே இனாமாகத் தருகிறது!

"ஓம்" அளவையும் பாருங்கள். ஆம்ப்ளிபயரில் குறைந்தது 8 ஓம் என்று போட்டிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டக் கூடாது. கரண்ட் அதிகமாக இழுத்துச் சூடேறி, ஒரு நாள் புகைந்துவிடும்.

கல்யாணப் பந்தலில் மைக்செட்காரர் வைக்கும் ஆம்ப்ளிபயர் வேறு ரகம். பேச்சும் பாட்டும் தூரத்துக்குப் போக வேண்டும் என்பதற்காகச் செய்தது. நாலு குழாய் ஒலிபெருக்கியை ஓட்டுகிறதே என்று அதை வீட்டுக்கு வாங்கி வந்தால் ஸ்டீரியோ சுகம் கிடைக்காது.

அசெம்பிள்டு செட் வாங்கலாமா?

அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றினால் போர்டு தனி, டிரான்ஸ்பார்மர் தனி, கேபினட் தனி என்று எல்லாம் கிடைக்கும். விஷயம் தெரிந்த மெக்கானிக் கட்டிக் கொடுத்த செட், கம்பெனி செட்டுக்குச் சளைக்காமல் பாடும். ரிப்பேருக்கும் ஆள் பக்கத்திலேயே இருப்பார்.

ஆனால் இதில் பணத்தோடு உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். "எதுக்கு சார்?" என்று முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

உள்ளே முதலில் டிரான்ஸ்பார்மரைப் பாருங்கள். "12-0-12, 2 ஆம்பியர்" என்றால் மொத்தம் 48 வாட் அளவுக்குத்தான் சக்தி. பழைய முறை ஆம்ப்ளிபயரில் அதில் ஏறக்குறைய பாதி சூடாகவே போய்விடும். "200 வாட் சார்" என்று அவர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

அடுத்து பியூஸ். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் கம்பியை முறுக்கி வைத்திருந்தால் தொடாதீர்கள். தீ விபத்துக்கு அதுவே போதும்.

மூன்றாவது எர்த். பெட்டி இரும்பாக இருந்தால் மூன்று பின் பிளக்கும், பெட்டியோடு சேர்த்த எர்த் ஒயரும் கட்டாயம் வேண்டும். கம்பெனி செட்டில் இரண்டு பின் இருந்தால் பின்பக்கம் கட்டத்துக்குள் கட்டம் போட்ட குறி இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைப் பாதுகாப்பு என்பதற்கு அடையாளம் அது. இரண்டும் இல்லாத இரும்புப் பெட்டியில், ஈரக் கையோடு குழந்தை கை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடையில் கேட்டுப் பார்ப்பது எப்படி?

கடைக்காரர் போடும் "டமால் டுமீல்" பாட்டை நம்பி வாங்காதீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டைக் கையோடு கொண்டு போங்கள். தமிழில் முதன்முதலாக ஸ்டீரியோவில் பதிவான பாடல்கள் என்று பெயர் பெற்றவை 1978ல் வந்த "பிரியா" படப் பாடல்கள். அதற்கு முந்தைய பாட்டுகளில் பெரும்பாலும் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஓசைதான். ஸ்டீரியோ பாட்டில் வாத்தியங்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து கேட்க வேண்டும். பாடகர் குரல் நடுவில் நிற்க வேண்டும்.

"பேஸ் பூஸ்ட்", "லவுட்னஸ்" பொத்தான்களை அணைக்கச் சொல்லுங்கள். சாயம் பூசாத முகம் அப்போதுதான் தெரியும்.

இரண்டு செட்டை ஒப்பிட்டால் இரண்டையும் ஒரே சத்தத்தில் வையுங்கள். கொஞ்சம் கூடுதல் சத்தம் உள்ளதுதான் நல்லது என்று காது நம்பிவிடும். விற்க நினைக்கும் செட்டில் வால்யூமை ஒரு சுற்று ஏற்றி வைப்பது பழைய வியாபாரத் தந்திரம்.

பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமை முக்கால் வரை திருப்புங்கள். "ம்ம்ம்" என்ற ரீங்காரம் பெரிதாகக் கேட்டால் வேண்டாம். குமிழைத் திருப்பும்போது "கரகர" என்றால் வால்யூம் கண்ட்ரோல் தேய்ந்திருக்கிறது. பழைய செட் வாங்குகிறவர்கள் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் ஓடவிட்டு மேலே கை வைத்தும் பாருங்கள்.

டி.வி.யோடு சேர்க்கப் போகிறீர்களா? டி.வி.யின் பின்பக்கத்தை போனில் படமெடுத்துக் கொண்டு போங்கள். பல புது டி.வி.களில் "ஆப்டிகல்" ஓட்டைதான் இருக்கிறது. அதற்குப் பொருத்தமான ஓட்டை ஆம்ப்ளிபயரில் இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து விழிக்க வேண்டியதுதான். மினுமினுக்கும் லைட்டும் மீட்டரும் விலையை ஏற்றும், ஓசையை ஏற்றாது.

பக்கத்து வீட்டையும் நினையுங்கள்

"தெருவே அதிரும்" என்பது பெருமையில்லை. மத்திய அரசின் 2000ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. மீறினால் பக்கத்து வீட்டுக்காரர் போலீசில் புகார் கொடுக்கலாம்.

பில் வாங்காமல் நகராதீர்கள்

"பில் இல்லாம வாங்கினா விலை குறைச்சுத் தர்றேன்" என்றால் மயங்காதீர்கள். பின்னால் தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான்.

ஏமாந்துவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

பில்லில் நாலு விஷயம் எழுதி வாங்குங்கள்: மாடல் பெயர், வாரண்டி எத்தனை மாதம், எத்தனை ஓம், பக்கத்துக்கு எத்தனை ஆர்.எம்.எஸ். வாட்.

பெட்டியில் 5,000 வாட் என்று இருக்கிறதா? "இதையே பில்லில் 5,000 வாட் ஆர்.எம்.எஸ். என்று எழுதிக் கொடுங்க அண்ணே" என்று கேட்டுப் பாருங்கள். பேனா ஓடினால் யோசிக்கலாம். ஓடாது!