லெஸ்டர் சிட்டி இரசிகர்களும் 2015–16 பருவமும்

லெஸ்டர் சிட்டி இங்கிலாந்தின் லெஸ்டர் நகரைச் சேர்ந்த கால்பந்துக் கழகம் ஆகும். 1884 இல் தொடங்கப்பட்ட இக்கழகம் 2015–16 பருவத்தில்தான் முதன்முறையாகப் பிரீமியர் லீக் பட்டத்தை வென்றது. முந்தைய பருவத்தில் தரமிறக்கத்திலிருந்து தப்பியதே பெரிதாக இருந்ததால், பந்தய நிறுவனங்கள் வெல்லும் வாய்ப்பை 5000-க்கு 1 என அறிவித்திருந்தன. அணியின் மீதுள்ள பற்றினால் சில பவுண்டுகள் கட்டிய இரசிகர்களுக்கு அதுவே சோதனையாயிற்று. பருவம் முடியுமுன் ஒரு பகுதித் தொகை தந்து கணக்கை முடித்துக்கொள்ள நிறுவனங்கள் முன்வந்தன. சிலர் அதை வாங்கிக்கொண்டனர், குறை சொல்வதற்கில்லை. சிலர் இறுதிவரை காத்திருந்தனர்.

2016 பெப்ரவரியில் நாரிச் சிட்டிக்கு எதிராகக் கடைசி நேரத்தில் உல்லோவா கோல் அடித்தபோது இரசிகர்கள் துள்ளிய அதிர்வை, அரங்கின் அருகே லெஸ்டர் பல்கலைக்கழக மாணவர்கள் வைத்திருந்த நிலநடுக்கமானி பதிவுசெய்தது.

மே 2 அன்று, இரண்டாமிடத்தில் இருந்த டாட்டன்ஹாம் செல்சியுடன் 2–2 எனச் சமன் செய்ததால் பட்டம் உறுதியானது. லெஸ்டருக்கு அன்று ஆட்டமே இல்லை.