விருந்தில் வெடிமருந்தை வீணாக்காதே

1624 மார்ச் மாதம் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் கூடிய சட்டமன்றம் 35 விதிகளை எழுதிக் கையெழுத்திட்டது. அந்தக் குடியேற்றத்தில் அப்போது இருந்த ஆங்கிலேயர்களே ஏறத்தாழ 1,200 பேர்தான். முதல் சில விதிகள் தேவாலயம், பிரார்த்தனை என்று போகின்றன. கொஞ்சம் கீழே இறங்கினால் தொனி மாறிவிடுகிறது. ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் கூர்மர வேலி இருக்க வேண்டும். வயல்வேலைக்குப் போகிறவர்கள் ஆயுதத்தோடு போக வேண்டும். ஒருவன் காவலுக்கு நிற்க வேண்டும். இரவில் முறைவைத்துக் கண்விழிக்க வேண்டும். குடிவிருந்திலும் கேளிக்கையிலும் வெடிமருந்தை வீணாக்கக் கூடாது. சண்டையில் காயம்பட்டவனுக்குப் பொதுச்செலவில் வைத்தியம் செய்யப்படும். முடமாகிப் போனால் அவனவன் அந்தஸ்துக்குத் தக்கபடி நாடே பராமரிக்கும்.

சம்பளப் பட்டாளம் கிடையாது. உழுகிறவன், தச்சன், கூலிக்கு வந்த பணியாள் எல்லோரும் சேர்ந்துதான் படை. மிலிஷியா என்னும் இந்தக் குடிப்படைக்காக எழுதப்பட்ட சட்டங்களை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வேதியியல் இருக்கிறது, நோயியல் இருக்கிறது, நிலவியல் இருக்கிறது. எழுதியவர்கள் அந்தத் துறைகளைப் படித்தவர்கள் அல்லர். உயிர்பயம் கற்றுக்கொடுத்த பாடம் அது. யார் உயிரைப் பணயம் வைப்பது, யார் தலையில் செலவைக் கட்டுவது என்ற கணக்கும் அதே வரிகளில்தான் இருக்கிறது.

அந்த பயத்துக்கு ஒரு தேதி உண்டு: 1622 மார்ச் 22. புகையிலை பயிரிடுவதற்காக ஆங்கிலேயர்கள் ஆற்றங்கரை நிலங்களை ஒன்றன்பின் ஒன்றாக வளைத்துக்கொண்டே போனார்கள். பொறுத்துப் பார்த்த பவ்ஹாட்டன் பழங்குடி மக்கள், ஒபெச்சன்கனோ என்ற தலைவரின் திட்டப்படி அன்று காலை பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்கினார்கள். வழக்கம்போல வெறுங்கையோடு, விற்பதற்கு இறைச்சியும் பழமும் கொண்டுவந்தார்கள்; சில வீடுகளில் காலை உணவுக்குக்கூட உட்கார்ந்தார்கள். பிறகு அங்கேயே கிடந்த கோடரியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டார்கள். 347 பேர் இறந்தார்கள். குடியேற்றத்தில் நாலில் ஒருவருக்கு மேல்.

அழிந்த ஊர்களில் ஒன்று வுல்ஸ்டன்ஹோம். 1970களில் ஐவர் நோயல் ஹியூம் என்ற தொல்லியலாளர் அதைத் தோண்டினார். முகத்தை முழுக்க மூடும் இரும்புத் தலைக்கவசங்கள் இரண்டு கிடைத்தன. வேலியும் கிடைத்தது என்று சொல்லலாம், மரமாக அல்ல. நட்ட கம்பு மக்கி மண்ணாகும்போது அந்தக் குழி மட்டும் சுற்றியுள்ள களிமண்ணைவிடக் கருத்துப்போகும். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தால் கோட்டையின் வடிவம் முழுவதும் வரிசையான கரும்புள்ளிகளாகத் தரையில் தெரிகிறது. 1624க்கு முன்பே அங்கே வேலி இருந்திருக்கிறது, ஊரைக் காப்பாற்றவில்லை. நட்பாக உள்ளே வந்தவனை வேலி என்ன செய்யும்?

செய்தி லண்டனுக்குப் போனதும் முதலாம் ஜேம்ஸ் மன்னர் டவர் கோட்டைக் கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்த பழைய ஆயுதங்களை அள்ளி அனுப்பினார். ஐரோப்பியப் போருக்கு உதவாதென்று கழித்துப் போட்ட நீள்பிடி வெட்டாயுதங்கள், வளையக் கவசங்கள், விற்கள். விற்களை மட்டும் பெர்முடா தீவிலேயே இறக்கி வைத்துவிட்டார்கள், நல்ல வில் எதிரி கையில் சிக்கினால் என்னாவது என்ற யோசனையில்.

வெடிமருந்து விதிக்கு வருவோம். அன்றைய கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மிச்சம் கரியும் கந்தகமும். (அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்துக்கு வெடியுப்பு பெரும்பாலும் நம் பீகாரிலிருந்துதான் போனது.) வர்ஜீனியாவில் கருமருந்தைத் தயாரிக்க வழியில்லை. கப்பலில் இரண்டு மூன்று மாதம் கடல் கடந்து வந்தாக வேண்டும். வந்த பிறகும் நிம்மதியில்லை, மருந்து காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கட்டிதட்டிப் போகும். செசபீக் கடற்கரையின் கோடைப் புழுக்கத்தில் பீப்பாயிலிருக்கும் மருந்து சும்மா இருந்தே கெட்டுவிடும். போதாக்குறைக்குத் திரித்துப்பாக்கி. வெடியுப்பில் ஊறவைத்த கயிறு எந்நேரமும் கனன்றுகொண்டிருந்தால்தான் அவசரத்துக்குச் சுட முடியும். காவல்காரன் சுடாமல் நின்றாலும் கயிறு எரிந்து தீர்ந்துகொண்டே இருக்கும். இரவில் அதன் கங்கும் வாடையும் அவன் நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மழை வந்தால் அதுவும் இல்லை. சக்கிமுக்கிக் கல்லால் பொறி தட்டும் துப்பாக்கிகளுக்கு வர்ஜீனியாக்காரர்கள் சீக்கிரமே மாறிக்கொண்டதில் வியப்பில்லை.

இப்படியிருக்க, குடித்துவிட்டு ஆகாயத்தை நோக்கிச் சுடுகிற வழக்கம் மட்டும் போகவில்லை. சட்டம் போட்டு 32 ஆண்டு கழித்து, 1656இல், மறுபடியும் ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. குடிக்கும்போது துப்பாக்கி சுட்டால் 100 ராத்தல் புகையிலை அபராதம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் விலக்கு. இந்த முறை காரணம் மருந்துச் செலவு மட்டும் அல்ல. தோட்டங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளி இருந்தன. ஆபத்து என்று அடுத்த தோட்டத்துக்குத் தெரிவிக்க இருந்த ஒரே வழி வேட்டுச் சத்தம். அந்தச் சத்தம் தினமும் எதற்கோ கேட்டுக்கொண்டிருந்தால் எது உண்மையான அபாயம் என்று தெரியாமல் போகும் என்பதைச் சட்டத்தின் முகவுரையே பச்சையாகச் சொல்கிறது. இன்றைய தகவல்தொடர்புப் பொறியாளர்கள் இதைக் குறிகைக்கும் இரைச்சலுக்குமான விகிதம் என்பார்கள். ஒரு குறிகைக்குள் இருக்கும் தகவலின் அளவு அது எவ்வளவு அரிதாக வருகிறது என்பதைப் பொறுத்தது என்று கிளாட் ஷானன் கணிதமாக எழுதியது 1948இல்தான். புகையிலைக்காரர்கள் சமன்பாடு இல்லாமலே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணத்தையும் சாவையும் விட்டு வைத்தது, தடுத்தாலும் நிற்காது என்று தெரிந்ததாலோ என்னவோ.

1624 விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது, அதைப் படிக்கும்போது வியப்பு கசந்துபோகும். வரும் ஜூலைத் தொடக்கத்தில் ஒவ்வொரு குடியிருப்பும் பக்கத்திலுள்ள பழங்குடிகள்மேல் பாய வேண்டும் என்கிறது அது. ஏன் ஜூலை? ஆங்கிலேயர்களால் காட்டுக்குள் பவ்ஹாட்டன் வீரர்களைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை. மக்காச்சோள வயலால் ஓட முடியாது. வசந்தத்தில் விதைத்தது ஜூலையில் ஆள் உயரம் நிற்கும். அப்போது வெட்டிப்போட்டால், மறுபடி விதைத்துக் குளிருக்கு முன் அறுக்கப் பருவம் இருக்காது. பனிக்காலம் முழுவதும் பட்டினி. எதிரியை விதைக்க விட்டு, விளைய விட்டு, பிறகு அழிப்பது என்பதைக் கடமையாகச் சட்டமே ஆக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, 1623இல், சமாதானம் பேச அழைத்துவந்து மதுவில் விஷம் கலந்துகொடுத்து ஏறத்தாழ 200 பேரைக் கொன்றதாக அன்றைய கடிதம் ஒன்று பெருமையோடு சொல்கிறது. விஷத்தைத் தயாரித்தவர் குடியேற்றத்தின் மருத்துவர் ஜான் பாட். அவர் பின்னாளில் ஆளுநராகவும் இருந்தார்.

சட்டம் எல்லோரையும் போருக்கு அழைக்கவில்லை. 1624இல் போட்ட வரியைப் பாருங்கள். 16 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆணும் 10 ராத்தல் புகையிலை கட்ட வேண்டும். முந்தைய ஜூலைக்குப் பிறகு வந்திறங்கியவர்களுக்கு மட்டும் விலக்கு. 1641இல் ஆளுநர் வில்லியம் பெர்க்லிக்கு லண்டன் தந்த அறிவுறுத்தல்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: புதிதாக வந்தவன் முதல் ஆண்டு போருக்குப் போக வேண்டாம், போர்ச்செலவும் கொடுக்க வேண்டாம், குடியிருக்கும் இடத்தையே எதிரி தாக்கினாலொழிய.

இது விருந்தோம்பல் அல்ல. முதல் கோடையைத் தாண்டுவதே அங்கே பெரிய போர். ஜேம்ஸ்டவுன் பக்கத்தில் ஜேம்ஸ் ஆறு கடலின் ஏற்றவற்றத்துக்கு ஆட்பட்டது. கோடையில் மேலிருந்து வரும் நன்னீர் குறையும்போது உப்புநீர் உள்ளே ஏறும்; நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் இடத்தில் கழிவுகள் கடலுக்குப் போகாமல் அங்கேயே சுற்றும். அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். டைபாய்டு, சீதபேதி, உப்புநீர் நஞ்சு மூன்றும் சேர்ந்து அடித்தன என்பது கார்வில் ஏர்ல் என்ற புவியியலாளர் முன்வைத்த விளக்கம். இங்கிலாந்தின் சதுப்புநிலங்களிலிருந்து வந்தவர்கள் உடம்பில் மலேரியாவையும் கொண்டுவந்தார்கள். கடிக்கும் கொசு அங்கே ஏற்கெனவே இருந்தது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் ஓரளவு தாக்குப்பிடிப்பான், எழாதவன் போனான். கிருமி என்ற எண்ணமே இல்லாத காலத்தில் இந்த ஓராண்டுக் கணக்கைச் சட்டம் துல்லியமாகப் பிடித்திருந்தது. அவ்வளவு செலவழித்துக் கப்பலேற்றி வந்த உழைப்பாளியைக் காய்ச்சலோடு சண்டைக்கு அனுப்பி இழக்க முதலாளிகளுக்கு மனமில்லை என்பதும் உண்மை.

இன்னொரு விலக்கு வேறு மாதிரி. 1640 ஜனவரிச் சட்டம், நீக்ரோக்களைத் தவிர எல்லோருக்கும் ஆயுதமும் மருந்தும் இருக்க வேண்டும் என்றது. கறுப்பின மக்கள் என்று பெயர் சொல்லி விலக்கிய வர்ஜீனியாவின் ஆரம்பச் சட்டங்களில் இதுவும் ஒன்று. அடிமைமுறைக்கு முழுச் சட்டவடிவம் கிடைக்க இன்னும் சில பத்தாண்டுகள் இருந்தன. அதற்குள்ளேயே படைச் சட்டம் கோடு கிழித்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் சுதந்திரமான கறுப்பர்களையும் பழங்குடியினரையும் படைக்கு அழைத்தார்கள், ஆயுதமில்லாமல் முரசடிக்கவும் எக்காளம் ஊதவும் எடுபிடி வேலைக்கும்.

கோட்டைகள் கதை சுருக்கமானது. 1644 ஏப்ரலில் முதிய ஒபெச்சன்கனோ மறுபடி தாக்கினார். இரண்டாண்டில் பிடிபட்டு, ஜேம்ஸ்டவுன் சிறையில் காவலன் ஒருவனால் முதுகில் சுடப்பட்டு இறந்தார். அதையொட்டி ஆறுகளின் மேல்பகுதியில் கோட்டைகள் எழுந்தன. அவற்றில் இரண்டு நின்ற இடத்தை நிலவியல் வரைபடத்தில் பார்க்க வேண்டும். மேற்கே கடினப் பாறை மேட்டுநிலம், கிழக்கே மென்மையான கடலோரப் படிவுநிலம். இரண்டும் உரசும் கோட்டில் ஆறுகள் அருவியாகச் சரிகின்றன. கடலிலிருந்து வரும் படகு அதற்குமேல் போக முடியாது. சார்ல்ஸ் கோட்டை, ஹென்றி கோட்டை இரண்டும் அந்தக் கோட்டில் இருந்தவை. இன்று அங்கே ரிச்மண்டும் பீட்டர்ஸ்பர்கும் இருக்கின்றன. கோட்டைகளைப் பராமரிக்க அரசிடம் பணமில்லை. ஹென்றி கோட்டையை 600 ஏக்கரோடு ஆப்ரகாம் உட் என்பவரிடம் கொடுத்து, மூன்றாண்டு பத்துப் பேரை அங்கே வைத்திருக்கச் சொன்னார்கள். சாலையைத் தனியாரிடம் விட்டுச் சுங்கம் வசூலிக்கச் சொல்லும் நம் காலத்து ஏற்பாடு போலத்தான். அவர் கோட்டையைத் தோல் வியாபாரத்துக்குத் தளமாக்கிக்கொண்டு செழித்தார்.

முடமானவனின் பராமரிப்பு விதிக்கு முன்மாதிரி இங்கிலாந்திலேயே இருந்தது. 1593இல், எலிசபெத் ராணி காலத்தில், காயம்பட்ட சிப்பாய்க்கு மாவட்ட வரியிலிருந்து உதவித்தொகை தரும் சட்டம் வந்தது. சாதாரணச் சிப்பாய்க்கு ஆண்டுக்கு 10 பவுண்டுதான் உச்சவரம்பு. வர்ஜீனியா தொகை எதையும் குறிக்காமல், பராமரிக்க வேண்டும் என்று மட்டும் எழுதியது. தெரிந்து செய்தார்களோ தெரியாமலோ, அது நல்லதாய்ப் போயிற்று. அங்கே காசு புழங்கவில்லை. வரி, அபராதம், சம்பளம் எல்லாம் புகையிலை. 1619 வாக்கில் ராத்தல் மூன்று ஷில்லிங் வரை விற்ற புகையிலை, எல்லோரும் அதையே பயிரிட்டதால், 1630 வாக்கில் ஒரு பென்னிக்கும் கீழே சரிந்தது. ஒரு காலை இழந்தவனுக்கு இத்தனை ராத்தல் என்று நிர்ணயித்திருந்தால் ஆறேழு ஆண்டில் அவன் பிச்சைக்கு வந்திருப்பான். வடக்கே பிளிமத் குடியேற்றமும் 1636இல் அதே வழியில் போனது: போருக்கு அனுப்பப்பட்டு முடமாகித் திரும்பியவனை ஆயுள் முழுக்கக் குடியேற்றம் காப்பாற்றும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறையின் வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாக இந்த 1636லிருந்துதான் தொடங்குகிறார்கள். 12 ஆண்டு மூத்த வர்ஜீனியாவை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் வர்ஜீனியாவின் வாக்குறுதியில் அந்தஸ்துக்குத் தக்கபடி என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது வெட்டிவிட முடியாத வால். பணியாளின் காலும் கனவானின் காலும் ஒரே தோட்டாவில் போனாலும் ஒரே விலை பெறவில்லை. 1754இல் பிரெஞ்சுக்காரர்களோடு போர் மூண்டபோது ஆளுநர் ராபர்ட் டின்விடி, தாமாக முன்வந்து சேருகிறவர்களுக்கு ஒஹாயோ ஆற்றுப் பக்கம் 2,00,000 ஏக்கர் நிலம் பிரித்துத் தருவதாக அறிவித்தார். அப்படியும் ஆள் போதவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் சட்டமன்றம், முறையான தொழில் இல்லாத திடகாத்திரமான ஆண்களைப் பிடித்துப் படையில் சேர்க்க அனுமதித்தது; சட்டமன்றத் தேர்தலில் வாக்குரிமை உள்ளவனைத் தொடக்கூடாது, ஒப்பந்தப் பணியாளையும் தொடக்கூடாது. முதல் விலக்கு சட்டம் எழுதியவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, இரண்டாவது அவர்களுடைய உடைமைக்கு. மிஞ்சியவன் போருக்கு.

நிலம் பங்கிட ஏறக்குறைய இருபது ஆண்டு ஆயிற்று. சிப்பாய்க்கு 400 ஏக்கர், மேல்நிலை அதிகாரிக்கு 15,000 ஏக்கர். அளவைச் செலவை அவரவரே கொடுக்க வேண்டும் என்பதால் பலரால் காத்திருக்க முடியவில்லை. அந்தப் படையை நடத்திய கர்னல் ஒருவர் மற்றவர்களின் உரிமைகளை வாங்கிச் சேர்க்க முனைந்தார். தம் பெயர் வெளியே தெரியாமல் விசாரித்து வாங்கும்படி 1770இல் தம்பி சார்ல்ஸுக்குக் கடிதம் எழுதினார். அவர் ஜார்ஜ் வாஷிங்டன்.