இரண்டு கதவு, இரண்டு விலை

இரண்டு கதவுக் கார் வாங்கப் போகிறேன் என்று நம் வீடுகளில் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "பின்னால யாரு உட்கார்றது?" என்பதுதான். என் அக்கா மகனும் அதைக் கேட்டுக்கொண்டான். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது ஆண்டு அவனுக்கு. பிடிபிடிஎன் கல்விக் கடனைக் கட்டுகிறான். மாதம் தவறாமல் அம்மா கையில் 500 ரிங்கிட் கொடுக்கிறான். ஸ்போர்ட்ஸ் கூப்பே இடைநிலைப் பள்ளி நாள்களிலிருந்தே அவன் ஆசை. "மாமா கூட வந்து பார்த்துச் சரின்னு சொன்னா வாங்கிக்கோ" என்று அக்கா பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார்.

அவன் கையில் இருந்த மொத்தத் தொகை 45,000 ரிங்கிட். பாதி சேமிப்பு, பாதி வங்கிக் கடன். கிள்ளானிலிருந்து செராஸ் வரை ஆறு சனிக்கிழமைகள் அலைந்தோம். அந்த அலைச்சலில் பார்த்ததையும், புறப்படும் முன்பே நாங்கள் போட்டுக்கொண்ட கணக்கையும் இங்கே சொல்கிறேன்.

விளம்பரத்தில் இல்லாத விலை

45,000 ரிங்கிட் கையில் இருந்தால் 35,000 ரிங்கிட்டுக்கு மேல் கார் பார்க்கக் கூடாது. இதுதான் முதல் விதி. ஒன்றரை லட்சம் ரிங்கிட்டுக்கு விற்ற ஒரு கூப்பே பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து 40,000க்குக் கிடைக்கலாம். காரின் விலைதான் இறங்கும். உதிரிபாகங்களின் விலை அந்த அளவுக்கு இறங்காது. பிரேக், அப்சார்பர், கியர்பாக்ஸ் எல்லாம் இன்னும் ஒன்றரை லட்சம் ரிங்கிட் காருக்கானவைதான்.

அடுத்தது சாலை வரி. தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு இது இன்ஜின் கொள்ளளவைப் பொறுத்தது. 1.5 அல்லது 1.6 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 90 ரிங்கிட். 1,998 சிசி கொண்ட டொயோட்டா 86க்கு 379 ரிங்கிட். 2.5 லிட்டர் என்றால் 880. 3 லிட்டரைத் தொட்டால் 2,130. பழைய பெரிய இன்ஜின் கார்கள் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காப்புறுதியை இளைஞர்கள் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. என்சிடி எனப்படும் கழிவு காரோடு வராது, உரிமையாளரோடுதான் இருக்கும். ஐந்து ஆண்டு இழப்பீடு கோராதவருக்கு 55 விழுக்காடு வரை கழிவு உண்டு. அதுவரை அம்மாவின் மைவியை ஓட்டிவந்த என் மருமகனுக்குக் கழிவு பூஜ்யம். எனவே பிடித்த காரின் எண்ணைக் கொடுத்து, முன்பணம் கட்டுவதற்கு முன்பே காப்புறுதித் தொகையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது?

கூப்பே என்றால் மேனுவல் கியர்தான் என்பார்கள் கார்ப் பிரியர்கள். உரிமத்தில் டிஏ என்று இருந்தால் ஆட்டோ கார் மட்டுமே ஓட்டலாம். இன்றைய இளைஞர்கள் பலரிடம் இருப்பது அதுதான். என் மருமகனிடமும் அதுதான். நாங்கள் பார்க்க வேண்டியிருந்த கார்களில் பாதி அங்கேயே கழிந்தன.

"மாதம் கட்டினால் போதும்"

இரண்டாவது வாரமே ஒரு விளம்பரம் வந்தது. டொயோட்டா 86, ஆட்டோ. கையில் 8,000 ரிங்கிட் கொடுத்துவிட்டு மாதத் தவணையைத் தொடர்ந்து கட்டினால் போதுமாம். பையனின் முகம் மலர்ந்துவிட்டது. இதைத்தான் 'சம்பூங் பாயார்' என்கிறார்கள். கார் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும். பெயர் வேறொருவருடையதாக இருக்கும். வங்கிக்குத் தெரியாமல் இப்படிக் கைமாற்றுவது 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி குற்றம். நீங்கள் ஒழுங்காகப் பணம் கொடுத்தாலும், வாங்கியவர் அதை வங்கியில் கட்டாவிட்டால் கார் இழுத்துச் செல்லப்படும். விபத்து நேர்ந்தால் காப்புறுதியிலும் சிக்கல். அந்த விளம்பரத்தைப் பார்த்ததோடு சரி, நாங்கள் அழைக்கவில்லை.

காரைப் பார்க்கும் முறை

விற்பவரிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லுங்கள்: "நாங்க வர்றதுக்கு முன்னால இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாதீங்க." குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும். தொடங்கும்போது எழும் தட்டும் சத்தம், நீலப் புகை, கியர் போட்டதும் வரும் குலுக்கல் எல்லாம் சூடேறிய பிறகு மறைந்துவிடக்கூடும். நாங்கள் பார்த்த ஓர் ஐரோப்பிய கூப்பே இந்தச் சோதனையிலேயே விழுந்தது. சூடாக இருந்திருந்தால் எனக்கே பிடித்துப் போயிருக்கும்.

அடுத்தது வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட கார்கள் பளபளப்பாகத் திரும்பி வரலாம். இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். நுனியில் சேற்றுக் கறை இருக்கிறதா? இருக்கைக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு உண்டா? ஸ்பேர் டயர் குழியில் மண் தங்கியிருக்கிறதா? இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. நான்கு டயரும் நான்கு பிராண்டு என்றால், முந்தைய உரிமையாளர் காசைக் கணக்குப் பார்த்து ஓட்டியிருக்கிறார். டயரில் மிச்சம் பிடித்தவர் இன்ஜின் எண்ணெயிலும் பிடித்திருக்கலாம்.

இறக்கிய ஸ்பிரிங், பெரிய எக்ஸாஸ்ட், மாற்றிய கணினி உள்ள கார்களை நான் ஒதுக்கிவிடுவேன். அது ஓட்டப்பட்ட விதத்தை அந்த மாற்றங்களே சொல்கின்றன. விதிமீறிய மாற்றங்களுக்கு ஜேபிஜே தரும் அபராதம் புதிய உரிமையாளர் தலையில்தான் விழும்.

உரிமை மாற்றத்துக்கான பி5 பரிசோதனை கட்டாயம். அதில் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் சரியா, வண்டி தகுந்த நிலையில் உள்ளதா என்று பார்ப்பார்கள். கியர்பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லாது. அதற்கு, அந்த ரகக் காரில் பழக்கமுள்ள மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்து, தூக்கியில் ஏற்றிப் பார்ப்பதே வழி.

எதை எடுத்தோம்?

மலிவாகக் கிடைக்கிறதே என்று மாஸ்டா ஆர்எக்ஸ்-8ஐ அவன் கேட்டான். அதன் ரோட்டரி இன்ஜின் ஓட ஓட எண்ணெயையும் சேர்த்து எரிக்கும் அமைப்பு உடையது. பெட்ரோலும் நிறையக் குடிக்கும். உள்ளே இருக்கும் சீல்கள் தேய்ந்தால் பெரிய செலவு. முதல் காருக்கு வேண்டாம் என்றேன்.

கடைசியில் எடுத்தது ஹோண்டா சிஆர்-இசட். 1.5 லிட்டர் ஹைப்ரிட், சிவிடி கியர், சாலை வரி 90 ரிங்கிட். வேகத்தில் 86க்கு ஈடாகாது. ஆனால் தாழ்ந்த உட்காரும் நிலையும் உடனே திரும்பும் ஸ்டியரிங்கும் அவன் கேட்ட சுகத்தைக் கொடுக்கின்றன. 2012க்குப் பிந்தைய புதுப்பிக்கப்பட்ட வகை என்பதால் லித்தியம் அயன் பேட்டரி. மேடேறும்போது பேட்டரி அளவு திடீரென்று சரிகிறதா, எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். ஒரே உரிமையாளர், பராமரிப்புப் புத்தகத்தில் விடுபடாத முத்திரைகள். இதைவிடப் புதிய ஒன்றைக் குறைந்த விலைக்கு வேறிடத்தில் பார்த்திருந்தோம். அதற்குப் புத்தகமே இல்லை.

கார் 34,000 ரிங்கிட். காப்புறுதி 1,500ஐ நெருங்கியது. நான்கு டயர் 1,200. அப்சார்பர், பிரேக், எண்ணெய் எல்லாம் சேர்த்து 2,500. பரிசோதனை, பெயர் மாற்றச் செலவுகள் போக ஏறக்குறைய 5,000 ரிங்கிட் தனிக் கணக்கில் கிடக்கிறது. பேட்டரியோ வேறெதுவோ கேட்கும் நாளுக்கு அது.

காரைக் கழுவித் துடைப்பதில்தான் இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமைகள் கழிகின்றன. அம்மாவுக்குக் கொடுக்கும் 500 ரிங்கிட் ஒரு மாதமும் நிற்கவில்லை. வாங்கியது சரியான கார்தான் என்று நான் சொல்வது அதை வைத்துத்தான்.