எச்.ஐ.வி. பரிசோதனை: முதல் முடிவே முடிவல்ல

எச்.ஐ.வி.க்கான விரைவுப் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை. அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிரணுக்களையே தேடுகிறது. விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தம் போதும். அரை மணிக்குள் கிட்டில் கோடு விழுந்துவிடும். சோதனை ஒழுங்காக நடந்ததைக் காட்டும் 'சி' என்ற இடத்தில் கோடே விழாவிட்டால் அந்தச் சோதனை செல்லாது.

எதிரணுக்கள் உருவாக நாள் பிடிக்கும். தொற்றிய பிறகு அவை இச்சோதனையில் தென்பட 23 முதல் 90 நாள் ஆகலாம். 'விண்டோ பீரியட்' எனப்படும் இந்த இடைவெளியில் வந்த 'நெகட்டிவ்' முடிவை நம்பி ரத்த தானம் செய்வது ஆபத்து. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கோ தாயின் எதிரணுக்கள் 18 மாதம் வரைகூட ரத்தத்தில் தங்கலாம் என்பதால், வைரஸையே தேடும் பி.சி.ஆர். சோதனைதான் சரி.

இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டும் பிழையைப் பற்றித்தான் பேச்சே குறைவு. இந்தியாவில் வயது வந்தோரிடையே தொற்று ஏறத்தாழ 0.2 சதவீதம். தொற்று உள்ளவர், இல்லாதவர் இரு தரப்பையும் 99.5 சதவீதம் சரியாகச் சொல்லும் கிட்டைக் கொண்டு 10,000 பேரைச் சோதிப்பதாக வைத்துக்கொண்டால், தொற்றுள்ள 20 பேரும் அநேகமாக அகப்படுவார்கள். கூடவே தொற்றே இல்லாத சுமார் 50 பேருக்கும் 'ரியாக்டிவ்' என்று வரும். கிட் மட்டமானது என்பதல்ல காரணம். நோய் அரிதாக உள்ள இடத்தில் நல்ல கிட்டுக்கும் இதே கதிதான். அதனால்தான் வெவ்வேறு விதமான மூன்று சோதனைகளிலும் 'ரியாக்டிவ்' வந்தால் மட்டுமே தொற்றை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு. ஒரே சோதனையோடு தாளை நீட்டும் ஆய்வகத்தின் சொல்லை யாரும் ஏற்க வேண்டியதில்லை.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டப்படி, விவரம் சொல்லிச் சம்மதம் பெறாமல் பொதுவாக இச்சோதனை செய்யக் கூடாது. வேலை தரவோ சிகிச்சை அளிக்கவோ இதை நிபந்தனையாக்கவும் முடியாது. நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் தவிர, சம்மதமின்றி முடிவை வெளியிடவும் கூடாது. மீறினால் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் புகார் தரலாம்; அவர் 30 நாளில், மருத்துவ அவசரமென்றால் கூடியவரை 24 மணி நேரத்தில் உத்தரவிட வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். கட்டணமில்லாத 1097 எண்ணிலும் விவரம் கேட்கலாம்.